கற்பகம் எந்த வாசல் வழியாக வந்தாள்?

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு முகங்கள் ஞாபகம் இருக்காது. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக வேலை. பல்சக்கரத்தில் மயிரிழை தேய்மானம் இருந்தாலும் கண்டுபிடித்து ஓரமாகத் தூக்கிப் போட்டுவிடுவேன். ஆனால் அந்தச் சக்கரத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் நேற்று வந்தவரா, இன்று புதிதாகச் சேர்ந்தவரா என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். சினிமாவில் கதாநாயகன் சட்டை மாற்றினால் போதும், எனக்குப் படம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். (சொந்தச் சித்தப்பா மீசையை எடுத்துவிட்டு வந்தபோது, "யாரைப் பாக்கணும்?" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்டிருக்கிறேன். அவர் இன்னமும் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.)

இப்படிப்பட்டவனை நம்பி, ஏழு வருடம் ஓடிய ஒரு சீரியலின் கடைசி எபிசோடை ஒப்படைத்தார்கள். என் கல்யாணம் கிட்டத்தட்ட அதோடு முடிந்துபோயிற்று.

அப்போது நித்யா என் மனைவி ஆகவில்லை. ஆகவேண்டும் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்திருந்தோம், அவ்வளவுதான். நான் ஜீவனஹள்ளி. அவள் வீடு காக்ஸ் டவுன். நடந்தால் பதினைந்து நிமிடம், ஆனால் கல்யாணப் பேச்சு என்று வந்தால் அது வேறு ஊர். அவர்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக அரசு உத்தியோகம். என் அப்பா பெயின்டர். அந்தப் பக்கத்து வீடுகளில் பாதிக்கு வெள்ளையடித்தவர். நித்யா வீட்டு முன்கதவின் பச்சை பெயின்ட்கூட அவர் அடித்ததுதான். அது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நித்யாவின் அப்பாவுக்கு ஆட்சேபணை இல்லை. அம்மாவுக்குத்தான். "பையன் நல்லவன்தான், ஆனா யாரு என்னன்னு தெரியலையே" என்பதையே ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வருடத்தில் நான் அந்த வீட்டுக்கு நான்கு முறை போனேன். நான்கு முறையும் பக்கவாட்டுச் சந்து வழியாகச் சுற்றி, சமையலறைப் பின்கதவில்தான். முடிவாகாத மாப்பிள்ளை முன்பக்கமாக வந்தால் எதிர்வீட்டுக்காரர்கள் கேள்வி கேட்பார்களாம். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடி காபி குடிப்பேன். அவமானமாகத்தான் இருந்தது. நித்யாவிடம் மட்டும், "காபி சூப்பர்" என்று சொல்லிவைப்பேன்.

இந்த நிலைமையில் நித்யாவின் அம்மாவுக்கு, அதாவது ஆன்ட்டிக்கு, கண்புரை ஆபரேஷன் நடந்தது. மறுநாள் 'கற்பகத்தின் சபதம்' முடிகிறது.

அந்த சீரியலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கற்பகம் என்று ஒரு மருமகள். மாமியார் அகிலாண்டம் அவளைத் திருடி என்று சொல்லிவிடுகிறாள். அகிலாண்டம் தன் வாயால் மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் அந்த வீட்டு முன்வாசலை மிதிக்கமாட்டேன் என்று கற்பகம் சபதம் போடுகிறாள். அதன்பிறகு ஆறு வருடம் பின்வாசல்தான். பிரசவத்துக்குப் போனதும் பின்வாசல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்ததும் பின்வாசல். வீடு தீப்பிடித்த வாரத்தில்கூட, முன்வாசல் ஆவென்று திறந்து கிடக்க, சுற்றிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடித்தான் கணவனைக் காப்பாற்றினாளாம். (இந்தக் கதையை நித்யா சொன்னபோது எனக்கு ஏனோ கற்பகத்தின் மேல் ஒரு பாசம் வந்தது.)

ஆன்ட்டிக்கு ஆபரேஷன் ஆனது ஒரு கண்தான். டாக்டர் சொன்னது, "கண்ணுக்கு ரெஸ்ட் குடுங்க, முக்கியமா அழாதீங்க" என்பது மட்டும்தான். ஆன்ட்டி அதை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டார். "ஒரு கண்ணு பாத்தா இன்னொரு கண்ணும் கூடவே ஓடும், அது ரெஸ்டா?" என்பது அவர் வாதம். அதனால் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காதால் கேட்பது, பேச்சு இல்லாத இடங்களில் என்ன நடக்கிறது என்று நித்யா பக்கத்திலிருந்து சொல்வது என்று ஏற்பாடு. அன்று பார்த்து நித்யா ஹெப்பகோடி ஆபீசிலிருந்து கிளம்பி, மேம்பாலத்தின் மேல் டிராபிக்கில் மாட்டிக்கொண்டாள்.

எனக்குப் போன் வந்தது. "பிரபு, நீ போ. அம்மாகிட்ட நல்ல பேர் வாங்க இதைவிட சான்ஸ் வராது."

"எனக்கு அந்த சீரியல்ல ஒருத்தரையும் தெரியாதே."

"மூணு பேர் போதும். அழுதா கற்பகம். முறைச்சா அகிலாண்டம். நீலச் சட்டை போட்டவன் கதிர், கற்பகத்தோட புருஷன். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஏழு மணிக்குப் பின்கதவு வழியாகப் போய்ச் சேர்ந்தேன். ஹாலில் ஆன்ட்டி கறுப்புக் கண்ணாடியும் அதற்குள் ஒரு பிளாஸ்டிக் மூடியுமாக, டிவிக்கு முதுகைக் காட்டி, ஷோகேஸைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அங்கிள் என்னைப் பார்த்ததும் எழுந்து, "ட்ராப்ஸ் தீந்துபோச்சு, வாங்கிட்டு வந்துடறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். (ஃப்ரிட்ஜ் மேல் உடைக்காத ட்ராப்ஸ் பாட்டில் ஒன்று இருந்ததை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.)

"ஆரம்பிச்சிட்டானா?"

"விளம்பரம் ஓடுது ஆன்ட்டி. சோப்பு."

"அதெல்லாம் சொல்ல வேண்டாம்."

முதல் இருபது நிமிடம் நான் பிரமாதமாகச் செய்தேன். அழுதவளைக் கற்பகம் என்றேன், முறைத்தவளை அகிலாண்டம் என்றேன், நீலச் சட்டையைக் கதிர் என்றேன். ஆன்ட்டி ஒருமுறை தலையை அசைத்து, "பரவாயில்லையே, நல்லா சொல்றீங்களே" என்றார். அவர் என்னைப் பாராட்டிய முதல் வாக்கியம் அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. புடவை நிறம், காபி டம்ளர், சுவர்க் கடிகாரம் என்று ஒன்று விடாமல் வர்ணிக்க ஆரம்பித்தேன்.

பிறகு அகிலாண்டம் மன்னிப்புக் கேட்டாள். "என்னை மன்னிச்சிடும்மா" என்று ஒரு வரி. ஆறு வருடப் பகை விளம்பரத்துக்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டது.

"இவ்வளவுதானா?" ஆன்ட்டியின் குரலில் சுரத்தே இல்லை. "எதனால மனசு மாறினா?"

"தெரியல ஆன்ட்டி. தண்ணி குடிச்சாங்க. அப்புறம் மாறிட்டாங்க."

"விஷம் வச்சவ. தண்ணி குடிச்சா மாறிடுவாளா?"

நல்லவேளை, அதற்குள் விளம்பரம் முடிந்தது. கற்பகம் வாசலை நோக்கி நடந்தாள். பாட்டு ஆரம்பித்தது. பேச்சே இல்லை. திரை பளிச்சென்று வெளுத்தது.

"மின்னல் வெட்டுது ஆன்ட்டி."

"மழையா?"

"மழை காணோம். இப்ப கோயில். மேளம் வாசிக்கறாங்க. கற்பகம் கல்யாணப் புடவையில உக்காந்திருக்காங்க."

"யார் கல்யாணத்துக்கு?"

நான் முன்னால் நகர்ந்து நன்றாகப் பார்த்தேன். "அவங்க கல்யாணம்தான் போல இருக்கு. பக்கத்துல ஒருத்தர் மாலையோட இருக்கார். தாடி வச்சிருக்கார்."

"தாடியா? கதிர் எங்க?"

மறுபடி ஒரு மின்னல். நீலச் சட்டை வீட்டு வாசலில் நின்றிருந்தது. "கதிர் நின்னு பாத்துட்டிருக்கார். கண் கலங்கியிருக்கு. ஆனா சிரிக்கறார்."

"சிரிக்கறானா?"

"ஆமா ஆன்ட்டி. தாடிக்காரர் தாலி கட்டறார். ஒண்ணு... ரெண்டு... மூணாவது முடிச்சை ஒரு அம்மா போடறாங்க."

"கதிர் தடுக்கலையா?"

"தடுக்கல. கர்ச்சீப்பால கண்ணைத் துடைச்சுக்கறார்."

எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. மன்னிப்புக் கேட்டு நாலு நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் இன்னொரு கல்யாணமா என்று தோன்றாமல் இல்லை. ஆனால் கண்டதை உள்ளபடியே எழுதுவதுதான் என் தொழில். ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்பது வேறு டிபார்ட்மென்ட்.

நான் தொடர்ந்தேன். "கற்பகம் முன்வாசலுக்கு வந்துட்டாங்க. காலைத் தூக்கிட்டாங்க."

"எந்தக் கால்?" குரல் தழுதழுத்தது.

"வலது."

"வச்சாளா?"

"இன்னும் இல்ல." காலை மேலிருந்து காட்டினார்கள், கீழிருந்து காட்டினார்கள், அகிலாண்டத்தை மூன்று முறை காட்டினார்கள். மறுபடி கால். "கால் நின்னுடுச்சு ஆன்ட்டி."

"நின்னுடுச்சுன்னா?"

"அந்தரத்துல நிக்குது. அசையல."

டிவிதான் மாட்டிக்கொண்டதோ என்று எழுந்து போய் செட்டாப் பெட்டியை இரண்டு தட்டு தட்டினேன். கால் மறைந்தது. நான்தான் சரிசெய்தேன் என்ற பெருமிதத்தோடு திரும்பினால், திரையில் ஒரே கூட்டம்.

"நிறையப் பேர் வந்துட்டாங்க ஆன்ட்டி. ஒருத்தர் தொப்பி போட்டிருக்கார். கேக் வெட்டறாங்க."

"யாருக்குப் பொறந்தநாள்?"

"கல்யாணத்துக்குத்தான் போல. அகிலாண்டம் கற்பகத்துக்குக் கேக் ஊட்டறாங்க. தாடிக்காரரும் இருக்கார். கதிரும் அவரும் தோள்மேல கை போட்டுட்டு நிக்கறாங்க. எல்லாரும் கையாட்டறாங்க."

அப்போதுதான் அந்த விசும்பல் கேட்டது. ஆன்ட்டி அழுதுகொண்டிருந்தார். சும்மா இல்லை, தோள் குலுங்க, பிளாஸ்டிக் மூடிக்குள் தண்ணீர் கட்டும் அளவுக்கு. "ஏழு வருஷம்பா. ஏழு வருஷம் அவளை என் பொண்ணு மாதிரி நெனச்சேனே. தீயில பூந்து காப்பாத்தின புருஷனை விட்டுட்டு..."

"அழாதீங்க ஆன்ட்டி. டாக்டர் அழக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்றேன். அழுகையைத் தடுக்க உலகத்தில் யாரும் இதைவிட மோசமான ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்க முடியாது. அவருக்குத் தன் கண்ணும் ஞாபகம் வந்து, அதற்கும் சேர்த்து அழுதார். அங்கிள் கையில் ஒரு பொட்டலம் பஜ்ஜியோடு உள்ளே வந்தார். (ட்ராப்ஸ் இல்லை.) மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிவியில் கேக் தின்றுகொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

வழியில் ஆட்டோக்காரர் கன்னடத்தில், "ஏனாயித்து சார்?" என்று கேட்டார். அங்கிள், "சீரியல் முகீதப்பா" என்றார். சீரியல் முடிந்துவிட்டது என்ற அந்த ஒரு வார்த்தையிலேயே ஆட்டோக்காரருக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. அவர் வீட்டிலும் அதே கதைதானாம். வேகத்தைக் கூட்டினார்.

நல்ல காலம், கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "யாரு இவங்களை அழவச்சது?" என்று கேட்டார். அங்கிளும் நர்ஸும் ஆன்ட்டியின் நல்ல கண்ணும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின.

நித்யா நேராக ஆஸ்பத்திரிக்கே வந்தாள். காரிடாரில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அது பிளாஷ்பேக்டா. அவங்களோட பழைய கல்யாணம். கேக் வெட்டினது சீரியல் முடிஞ்சதுக்கு, நடிச்சவங்க எல்லாரும் சேர்ந்து. தாடிக்காரனும் கதிர்தான்."

"நீலச் சட்டைதானே கதிர்?"

"அவனும் கதிர்தான். எட்டு மாசம் முன்னாடி ஆளை மாத்திட்டாங்க. இவருக்குப் பதில் இவர்."

"எவருக்குப் பதில் எவர்?"

"தாடிக்குப் பதில் நீலச் சட்டை."

"அப்ப தாடிக்காரர் எங்க போனார்?"

"வேற சீரியலுக்கு."

"இது கற்பகத்துக்குத் தெரியுமா?"

நித்யா என்னைப் பார்த்த பார்வையை நான் வர்ணிக்கப் போவதில்லை. வர்ணித்தது போதும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், அது எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. திரையின் கீழே ஒரே ஒரு வரி ஓடுகிறது. நாடு முழுக்க உள்ள பெண்மணிகள் அதை இரண்டு விநாடியில் ஜீரணித்துக்கொண்டு, புது ஆளைப் பழைய புருஷனாக ஏற்றுக்கொள்கிறார்கள். எங்கள் தொழிற்சாலையில் ஒரு போல்ட்டை மாற்ற நான்கு கையெழுத்து வேண்டும்.

பத்து நாள் கழித்து, டாக்டர் அனுமதி கிடைத்ததும், ஆன்ட்டி அந்தக் கடைசி எபிசோடை நித்யாவின் போனில் இரண்டு முறை பார்த்தாராம். பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாராம்: "அவ புருஷனையே அடையாளம் தெரியலையே, நாளைக்கு உன்னை அடையாளம் தெரியுமா இவனுக்கு?"

கல்யாணப் பேச்சு நின்றது. என் அம்மா ஜீவனஹள்ளியில் தலையில் அடித்துக்கொண்டாள். "ஜாதகம் சரியில்லன்னு திரும்பி வந்தவனைப் பாத்துருக்கேன். சீரியல் சரியில்லன்னு வந்து நிக்கிறவனை இப்பதான்டா பாக்கறேன். இத இன்னான்னு நாலு பேருகிட்ட சொல்வேன்?"

சிரிக்காதீர்கள். மூன்று மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல சக்கரத்தையெல்லாம் ஓரமாகத் தூக்கிப் போட்டேன். சூப்பர்வைசர் கூப்பிட்டு, "என்ன ஆச்சு உனக்கு?" என்று கேட்டார். சொன்னால் நம்பமாட்டார் என்று, வயிறு சரியில்லை என்றேன். நித்யா இல்லாமல் மிச்ச வாழ்க்கையை எப்படி ஓட்டுவது என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

என்னைக் காப்பாற்றியது அதே சேனல்தான். நான்காவது மாதம் 'கற்பகத்தின் சபதம் 2' என்று விளம்பரம் வந்தது. மறுநாளே நித்யா போன் செய்தாள். "அம்மா உன்னைக் கூப்பிடறாங்க. திங்கட்கிழமை, ஏழு மணிக்கு."

"மறுபடி வர்ணிக்கவா?"

"தெரியல. கூப்பிடறாங்க, வா."

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வழக்கம்போல சந்துக்குள் திரும்பினேன். "இந்தப் பக்கம் வாங்க" என்று குரல் கேட்டது. பச்சைக் கதவு திறந்திருந்தது. ஆன்ட்டி, புதுக் கண்ணாடியோடு, வாசலில் நின்றிருந்தார். எதிர்வீட்டு பால்கனியில் இரண்டு பேர் வேறு நின்றுகொண்டிருந்தார்கள்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இது நிஜமாகவே கூப்பிடுவதா, திட்டுவதற்கு முன்பக்கம் வசதி என்பதாலா? படியேறிக் காலைத் தூக்கியவன், உள்ளே வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன, நீங்களும் தூக்கின காலை வைக்க மாட்டீங்களா?" என்றார் ஆன்ட்டி.

வைத்தேன். வலது கால்தான், பிறகு யோசித்துப் பார்த்தேன்.

சீரியல் ஆரம்பித்தது. இருபது வருடம் கழித்து என்று போட்டார்கள். கற்பகம் ஹாலில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து, தன் மருமகளை முறைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே எப்போது வந்தாள், எந்த வாசல் வழியாக வந்தாள் என்று ஒருவரும் சொல்லவில்லை. கதிராக மூன்றாவது ஆள். அகிலாண்டமாக நடித்தவர் இப்போது அகிலாண்டத்தின் தங்கையாம். நான் ஆன்ட்டியைப் பார்த்தேன். ஆன்ட்டி என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஏதாவது புரியுதா?"

"இல்ல ஆன்ட்டி."

"எனக்கும் புரியல." ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். "ஏழு வருஷம் பாத்தவளுக்கு, அந்தக் கால் கீழ வந்துச்சான்னு சொல்ல ஆளில்ல. அன்னிக்கு நீங்க சொன்ன கதையில ஒரு கல்யாணமாவது நடந்துச்சு."

பிறகு கதவுப் பக்கம் கையைக் காட்டினார். "அது உங்கப்பா அடிச்ச பெயின்ட்தானே? பதினோரு வருஷமாச்சு, இன்னும் உரியல. அவரை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க."

"மறுபடி அடிக்கணுமா ஆன்ட்டி?"

"தேதி பாக்கணும். முன்பக்கமாவே வரச் சொல்லுங்க."

அழுதேனா என்று கேட்டால், எனக்கு ஆபரேஷன் எதுவும் ஆகியிருக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

கல்யாணத்துக்கு நான் தாடி இல்லாமல் வரவேண்டும் என்பது அத்தையின் ஒரே நிபந்தனை. (ஆன்ட்டி அத்தையாகிவிட்டார், அங்கிள் மாமாவாகிவிட்டார்.) மூன்றாவது முடிச்சு விழுந்ததும் அவர் பின்னாலிருந்து, "ஆளு அவரேதானே, நல்லா பாத்தியா?" என்று நித்யாவைக் கேட்டது மைக்கில் விழுந்து, மண்டபமே சிரித்தது. கற்பகம் மூன்றாம் பாகமும் வரப்போகிறதாம். கால் விவகாரம் அதிலாவது தெரியவரும் என்று அத்தை நம்பிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் வீட்டில் அந்தக் கால் இன்னும் கீழே இறங்கவில்லை. வாரம் ஒருமுறை காக்ஸ் டவுன் போவோம். நான் படியேறும் சத்தம் கேட்டதும், மாமா ஹாலில் பேப்பரை இறக்காமலே குரல் கொடுப்பார்.

"வச்சாச்சா?"

"வச்சாச்சு மாமா" என்று சொன்ன பிறகுதான் உள்ளே காபி கலக்க ஆரம்பிப்பார்கள்.